டிஸ்சார்ஜ் தாளின் பதினோராவது வரி

இந்த எபிசோடைப் பதிவு பண்ணலாமா வேண்டாமான்னு ரெண்டு மாசம் யோசிச்சேன். ஏன்னா இது எங்க வீட்டுல தொடங்குற கதை. அக்கா, அதாவது என் பெரியப்பா பொண்ணு, "தாராளமா பேசுடா, ஆனா என் பேரைச் சொல்லாத, என் எடையையும் சொல்லாத" என்று அனுமதி கொடுத்த பிறகுதான் மைக்கை ஆன் பண்ணேன்.

அக்காவுக்கு எடை குறைப்பு அறுவை சிகிச்சை நடந்தது. ஸ்லீவ் என்று சொல்கிற வகை. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் நீக்கிவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய் மாதிரி விட்டுவிடுவார்கள். நல்லபடியா முடிஞ்சது, சீக்கிரமே புதுச்சேரிக்கு வந்துட்டா. மூணாவது வாரம் வாந்தி ஆரம்பிச்சது. கஞ்சித் தண்ணி குடிச்சாலும் வெளியே வந்துடும். வீட்டுல யாரும் பயப்படல. "சாப்பாடு இறங்கலைன்னா நல்லதுதானே, அதுக்குத்தானே ஆபரேஷன்" என்று சொன்ன சொந்தக்காரர்கள்கூட உண்டு. நானும் சிரிச்சேன், ஒத்துக்கணும்.

ஆறாவது வாரம் அக்கா சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடந்தா. டிவி ரெண்டா தெரியுதுன்னா. அசதின்னு நினைச்சு ஒரு சின்ன கிளினிக்ல குளுக்கோஸ் ஏத்தச் சொல்லிக் கேட்டோம். நல்லவேளை, அங்கே மருத்துவர் இல்லை. ராத்திரி வேற ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த டியூட்டி டாக்டர், என் வயசுதான் இருக்கும், கேட்ட முதல் கேள்வி: "எத்தனை நாளா வாந்தி?" குளுக்கோஸை நிறுத்தி வச்சுட்டு முதல்ல ஒரு ஊசி போட்டாங்க. வைட்டமின் பி1. தயமின். ரெண்டு நாள்ல டிவி ஒண்ணாச்சு. நடை சரியாக மாசக்கணக்காச்சு. பாதத்தில் மரத்துப்போன உணர்வு இன்னும் முழுசாப் போகலை.

அப்புறம் ஃபைலைத் தேடி எடுத்தேன். டிஸ்சார்ஜ் தாள், ரெண்டு பக்கம், முழுக்க ஆங்கிலம். பதினோராவது வரியில் இருந்தது: வாந்தி தொடர்ந்தால் உடனே தெரிவிக்கவும். அவ்வளவுதான். ஏன் என்று இல்லை.

பழைய கோட்ல வேலை பார்த்தவங்களுக்குத் தெரியும். சம்பந்தமே இல்லாத இடத்துல "இந்த வரியைத் தொடாதே" என்று ஒரு கமெண்ட் இருக்கும். பின்னாடி போய்ப் பார்த்தா, எப்பவோ ஒரு ராத்திரி சிஸ்டம் மொத்தமா படுத்து, யாரோ விடிய விடிய உக்காந்து கண்டுபிடிச்சது அது. டிஸ்சார்ஜ் தாளும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றியது. அதனால இன்னைக்கு அந்தத் தாளோட வரலாறு. முன்னாடியே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல, யாரையும் ஆபரேஷன் பண்ணிக்கோ, பண்ணிக்காதன்னு சொல்லப் போறதும் இல்ல.

புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்த 1954ஆம் ஆண்டிலேயே தொடங்கலாம். அதே வருஷம் அமெரிக்காவின் மினசோட்டாவில் கிரேமென், லின்னர், நெல்சன் என்ற மருத்துவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சிறுகுடலின் பெரும்பகுதியைச் சுற்றிவிட்டு, தொடக்கத்தையும் கடைசியையும் இணைத்துவிடுவது. சாப்பிட்டது உடம்பில் சேர்வதற்குள் வெளியே போய்விடும். கணக்கு சுலபம், எடையும் குறைந்தது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இந்த வகை அறுவை நிறைய நடந்தது.

பிறகு நோயாளிகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். ஓயாத பேதி. சிறுநீரகக் கல். மூட்டுவலி. வைட்டமின் குறைபாடு. சிலருக்குக் கல்லீரலே செயலிழந்தது. மேஜையில் நடந்த அறுவை சரியாகத்தான் நடந்திருந்தது. கெட்டுப்போனது எல்லாம் அதற்குப் பிறகு, வீட்டில், மாதங்களும் வருடங்களும் கழித்து. பலருக்கு மறுபடி வயிற்றைத் திறந்து குடலைப் பழையபடி இணைக்க வேண்டியிருந்தது. அந்த முறையே கைவிடப்பட்டது.

இதற்கு மாற்று தந்தவர் அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை எடுத்தவர்களுக்கு எடை குறைவதும், அது எளிதில் திரும்பி ஏறாததும் மருத்துவர்கள் பார்த்துப் பழகிய விஷயம். ஒரு பக்கவிளைவை மேசன் சிகிச்சையாக மாற்றினார். 1966இல் சிக்காஷி இட்டோவுடன் சேர்ந்து முதல் கேஸ்ட்ரிக் பைபாஸ். எனக்கு மேசனைப் பிடிக்கக் காரணம் அது இல்ல. 1986இல் அவர் ஒரு பதிவேடு தொடங்கினார். யாருக்கு என்ன அறுவை நடந்தது, பிறகு என்ன ஆனார்கள் என்று பல இடங்களிலிருந்து தகவல் சேர்த்து வைப்பது. நம்ம பாஷையில சொன்னா, லாக் எழுதாம சிஸ்டம் ஓட்டாதேன்னு சொன்ன மனுஷன். 2020இல், 100 வயதில் இறந்தார்.

சரி, பதினோராவது வரிக்கு வருவோம். இதுக்கு அமெரிக்கா போக வேண்டாம். இந்த வரி பாதி நம்ம பக்கத்தில் எழுதப்பட்டது.

1890களில் ஜாவா தீவில், பட்டேவியாவில், எய்க்மான் என்ற டச்சு மருத்துவர் கோழிகள் தள்ளாடி நடப்பதைப் பார்த்தார். ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய, தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றைத் தின்ற கோழிகள். புதிதாக வந்த சமையல்காரர், ராணுவச் சோறு கோழிக்குக் கிடையாது என்று நிறுத்தியதும், சாதாரண அரிசி தின்று அவை தேறிவிட்டன. தவிட்டில் ஏதோ இருக்கிறது. மனிதர்களுக்கு வரும் இதே நோய்க்குப் பெயர் பெரிபெரி. கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், இதயம் பலவீனமாகும்.

அந்தக் காலத்துச் சென்னை மாகாணத்திலும் பெரிபெரி இருந்தது. ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. பச்சரிசி சாப்பிட்ட வடக்குத் தெலுங்கு மாவட்டங்களில் அது இருந்தது, புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் தப்பின. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. வைட்டமின் என்ற சொல் பிறப்பதற்கு நூற்றாண்டுகள் முன்பே நம்ம பாட்டிகள் நெல்லை அவித்தது சத்துக்காகன்னு நான் கதை விடமாட்டேன். உமி சுலபமாப் போகும், அரிசி உடையாது, அதுக்காகவும் இருக்கலாம். பலன் என்னவோ கிடைச்சது.

குன்னூரில் 1918இல் ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். ஒரு அறையில் தொடங்கிய அந்த வேலைதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. தயமினை 1936இல் செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய வேதியியலாளர் ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்தது எங்கே தெரியுமா? நெல்லூரில். அமெரிக்க மிஷனரி தம்பதியின் பிள்ளை. அக்காவுக்குப் போட்ட ஊசியில் இருந்த பொருளோட வரலாற்றில் குன்னூரும் நெல்லூரும் வருதுன்னு படிச்சப்போ, ராத்திரி 2 மணிக்கு எழுந்து அவளுக்கு மெசேஜ் போட்டேன். காலையில "தூங்குடா" என்று பதில் வந்திருந்தது.

விஷயம் இதுதான். உடம்பு தயமினை அதிகம் சேர்த்து வைக்காது. உள்ளே வரவில்லை என்றால் இரண்டு மூன்று வாரங்களில் கையிருப்பு தீர்ந்துவிடும். அறுவைக்குப் பிறகு சாப்பாடு குறைவு, மேலே வாந்தி. புழுங்கலரிசி தின்னு வளர்ந்த உடம்புன்னாலும் விதிவிலக்கு கிடையாது. மருத்துவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரே பரியாட்ரிக் பெரிபெரி. இன்னொன்று, உடம்பு குளுக்கோஸைச் செலவழிக்கத் தயமின் வேண்டும். தயமின் இல்லாத உடம்பில் முதலில் குளுக்கோஸை ஏற்றினால் மூளை பாதிப்பு தீவிரமாகலாம். எங்களுக்குக் கிளினிக்ல டாக்டர் இல்லாம போனது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம்னு அப்போதான் புரிஞ்சது.

மற்ற வரிகளையும் வேகமாப் பார்த்துடலாம். பி12 ஊசி: பி12 குடலில் சேர இரைப்பை சுரக்கும் ஒரு புரதம் தேவை. பாஸ்டனில் வில்லியம் காஸில் 1920களின் கடைசியில் இதைக் கண்டுபிடித்த விதம் கொஞ்சம் குமட்டும், சாப்பிட்டுக்கிட்டே கேக்கறவங்க மன்னிக்கணும். சரியாக வேகாத மாட்டிறைச்சியை அவரே சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வாந்தியெடுத்து, அதைப் பக்குவப்படுத்தி ரத்தசோகை நோயாளிகளுக்குக் குழாய் வழியாகக் கொடுத்தார். ரத்தம் ஊறியது. வெறும் இறைச்சி கொடுத்தபோது ஊறவில்லை. இரைப்பை சின்னதானால் அந்தப் புரதமும் குறையும். கல்லீரலில் பி12 சேமிப்பு இருப்பதால் குறைபாடு தெரிய வருடங்கள்கூட ஆகலாம். அதனால்தான் "நல்லாத்தானே இருக்கேன்" என்று மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் உருவாகும், அதற்காக ஆறு மாதம் ஒரு மாத்திரை கொடுப்பார்கள். தலைவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் நாமே வாங்கிப் போடும் ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகளைத் தவிர்க்கச் சொல்வார்கள், குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு இணைத்த இடத்தில் புண் வரும். கல்யாண வீட்டுப் பாயசத்தைக் குடித்ததும் படபடப்பு, வியர்வை, மயக்கம் வரலாம். கர்ப்பத்தை 12 முதல் 18 மாதம் தள்ளிப்போடச் சொல்வார்கள். இந்தக் கடைசி வரியை நம்ம வீடுகளில் யாரும் சத்தமா வாசிக்க மாட்டாங்க. கல்யாணத்துக்காகவே எடை குறைச்சுக்கற பொண்ணுங்க இருக்கற ஊர் இது, மாமியார் வீட்டுக்கு இது தெரியணுமா வேண்டாமான்னு ஒரு பஞ்சாயத்தே நடக்கும். எடை குறைந்ததும் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும், பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகவும் கூடும். அதனால் தெரியத்தான் வேண்டும்.

அப்புறம் மது. புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு இதைத் தாண்டிப் போனால் நேர்மை இல்லை. இரைப்பை சுருங்கிய பிறகு, குறிப்பாக பைபாஸுக்குப் பிறகு, மது ரத்தத்தில் வேகமாக ஏறுகிறது. அதே அளவு, ஆனால் அதிக போதை. 2012இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வில், மதுப் பழக்கம் நோயாக மாறியவர்களின் விகிதம் அறுவைக்கு முன் 7.6 சதவீதம், அறுவைக்குப் பிந்தைய இரண்டாம் ஆண்டில் 9.6 சதவீதம். முதல் ஆண்டில் கூடவில்லை, இரண்டாம் ஆண்டில்தான் கூடியது. அதாவது எல்லாரும் "சரியாப் போச்சு"ன்னு கவனிப்பதை விட்ட பிறகு. அக்காவோட தாளில் இந்த வரி இல்லவே இல்லை. பொம்பளைக்கு எதுக்குன்னு விட்டாங்களோ என்னவோ.

இப்ப நான் எதிர்பார்க்காத ஒரு இடத்துக்கு இந்தக் கதை போகுது. என் கம்பெனி இன்சூரன்ஸ் பாலிசி.

1991 மார்ச்சில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் பெதஸ்டாவில் ஒரு நிபுணர் குழுவைக் கூட்டின. யாருக்கு இந்த அறுவை செய்யலாம்? பிஎம்ஐ 40க்கு மேல், அல்லது 35க்கு மேல் இருந்து கூடவே தீவிர நோய்கள் இருந்தால். இந்த ரெண்டு எண்களும் உலகம் சுற்றின. 2019இல் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எந்தெந்தச் சிகிச்சைக்கு விலக்கு உண்டு என்பதை வரையறுத்தபோது, எடை குறைப்பு அறுவைக்குப் பணம் தர வைத்த நிபந்தனையிலும் அதே 40, அதே 35. என் பாலிசியிலும் அப்படியே இருக்கு. இடைப்பட்ட காலத்தில் நம்ம உடம்பு வேற மாதிரி என்பது தெளிவாகியிருந்தது. 2004இல் புனேயின் யாஜ்னிக்கும் லண்டனின் யூட்கினும் தங்கள் ரெண்டு பேர் படத்தையும் லான்செட் இதழில் பக்கத்துப் பக்கத்தில் போட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. யூட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2. 2022இல் சர்வதேச அறுவை மருத்துவர் அமைப்புகள் அளவுகோலை 35, 30 என்று குறைத்து, ஆசியர்களுக்கு 27.5 என்றன. பாலிசி இன்னும் 1991 வெர்ஷன்ல ஓடுது.

எண் பழசா இருக்குங்கறதுகூட பரவாயில்ல. அதே 1991 அறிக்கையில், அறுவைக்குப் பிறகு வாழ்நாள் முழுக்க மருத்துவக் கண்காணிப்பு அவசியம் என்றும் எழுதியிருந்தார்கள். எண்கள் பெதஸ்டாவிலிருந்து புதுச்சேரி வரைக்கும் வந்து சேர்ந்தன. கூடவே இருந்த அந்த வாக்கியம் வழியிலேயே இறங்கிக்கொண்டது. காப்பீட்டு விதியில் பிந்தைய கவனிப்பு பற்றி ஒரு சொல் இல்லை. பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகான செலவை 60 அல்லது 90 நாளுக்குத்தான் தருகின்றன. பி12 தீர வருடங்கள் ஆகும்னு இப்பதான் பார்த்தோம். வாழ்நாள் முழுக்க என்பதை 90 நாளா மாத்தினது யாருன்னு கேட்டா, யாரும் இல்ல. அந்த வாக்கியத்துக்குக் கோட் நம்பர் போட முடியல, அவ்வளவுதான்.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாமா ஒருத்தர் பாரிஸ் பக்கத்துல இருக்கார், புதுச்சேரிக் குடும்பங்களுக்கே உரிய மாமா. அவரும் இதே அறுவை செய்துகொண்டவர். அங்கே சுகாதார உயர் ஆணையம் 2009இல் கொடுத்த வழிகாட்டுதல்படி, முதல் வருஷம் குறைந்தது நாலு முறை, பிறகு வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை, ஆயுளுக்கும் பார்க்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பே காப்பீட்டு அலுவலகத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும், உணவு நிபுணரையும் மனநல நிபுணரையும் பார்க்க வேண்டும். "பேப்பர், பேப்பர், உயிரை எடுத்துட்டானுங்க" என்பார் மாமா. பிரான்ஸைத் தலையில் தூக்கிவைக்கவும் முடியாது. அங்கேயே தேசியக் காப்பீட்டுப் பதிவுகளை அலசிய ஆய்வில், முதல் வருஷம் அறுவை மருத்துவரைப் பார்த்தவர்கள் 87 சதவீதம், ஐந்தாம் வருஷம் 30க்கும் கீழே. மாமா எந்தப் பக்கம்னு கேட்டேன், பேச்சை மாத்திட்டார்.

நம்ம சட்டம் என்ன சொல்லுது? 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், கையெழுத்து வாங்கினால் மட்டும் சம்மதம் ஆகாது என்றது. செய்யப்போவது என்ன, எதற்கு, மாற்று வழிகள் என்ன, ஆபத்துகள் என்ன என்று போதிய தகவல் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எவ்வளவு சொன்னால் போதியது என்பதை மருத்துவத் துறையின் வழக்கத்துக்கே பெருமளவு விட்டுவிட்டது. அந்த வழக்கு அறுவைக்கு முந்தைய கையெழுத்தைப் பற்றியது, வீட்டுக்கு எடுத்துப்போகும் தாளைப் பற்றியது இல்லை. தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளி உரிமைச் சாசனம், தகவல் நோயாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்கிறது. மருத்துவப் பதிவுகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002 முதலே மருத்துவர்களுக்கான நடத்தை விதி. கேளுங்க. கேட்டா கோவிச்சுக்குவாங்கன்னு நினைக்காதீங்க.

ஏன் இவ்வளவு வேகமாப் பேசறேன்னா, 2024 ஏப்ரலில் நம்ம ஊர் இளைஞர் ஒருவர் சென்னைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்தச் சிகிச்சைக்குப் போய் உயிரோடு திரும்பவில்லை. தமிழ்நாடு அரசு விசாரணை நடத்தி, அந்த மருத்துவமனையின் உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்தியது. பேர் சொல்ல விரும்பலை, அந்த வீட்டுத் துக்கம் நமக்கு கன்டென்ட் இல்ல. அன்னைக்கு எங்க வாட்ஸ்அப் குரூப்கள்ல வந்த பேச்சு எல்லாம் "எதுக்கு ஆபரேஷன், வாயைக் கட்டியிருக்கலாமே" என்பதுதான். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் புதுச்சேரிப் பெண்களில் சுமார் 46 சதவீதம் பேர் பிஎம்ஐ 25ஐத் தாண்டியவர்கள். ஊரில் பாதிப் பேர் வாயைக் கட்டாதவர்கள் என்றால், பிரச்சினை வாயில் மட்டுமா இருக்கு?

அந்தப் பேச்சு வேற ஒரு வேலையும் செய்யுது. ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க அதை மறைக்கிறாங்க. மறைச்சா, ராத்திரி 11 மணிக்குத் தெரியாத டாக்டர் முன்னாடி உக்காரும்போதும் மறைக்கத் தோணும். அக்கா அன்னைக்கு முதல்ல "அல்சர் ஆபரேஷன்" என்றுதான் சொன்னாள். அந்த டாக்டர் திரும்பவும் கேட்டார், என்ன அல்சர், எங்கே, எப்போ என்று. மூணாவது கேள்வியில்தான் உண்மை வந்தது.

நானும் அக்காவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்த ரெண்டு பக்கத்தையும் தமிழில் எழுதினோம். பிறகு அவளோட இப்போதைய மருத்துவரிடம் காட்டித் திருத்தம் வாங்கினோம். மூணு இடத்துல தப்பா எழுதியிருந்தோம், அதனால நீங்களும் டாக்டர்கிட்ட காட்டாம எதையும் ஒட்டிக்காதீங்க. பெரியம்மா அதை ஃப்ரிட்ஜ் கதவுல, கேஸ் புக்கிங் நம்பருக்குப் பக்கத்துல ஒட்டியிருக்காங்க. பதினோராவது வரி முதல் வரியா மாறியிருக்கு, இப்படி: "ரெண்டு நாள் வாந்தி நிக்கலைன்னா ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஸ்லீவ் ஆபரேஷன்னு சொல்லணும். குளுக்கோஸுக்கு முன்னாடி பி1 போட்டாச்சான்னு கேக்கணும்."

எடை குறைப்பு ஊசிகளைப் பத்திக் கேட்டு நிறையப் பேர் எழுதியிருந்தீங்க, அது தனி எபிசோடாவே வரும். அக்காவுக்கு அடுத்த ரத்தப் பரிசோதனை இந்த மாசக் கடைசி சனிக்கிழமை, கூட்டிட்டுப் போறது என் முறை. அதனால அடுத்த பதிவு ஒரு நாள் தள்ளி, ஞாயித்துக்கிழமை.